நாலு மணிக் கட்டம்

என் நாட்குறிப்பில், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரத்துப் புதன்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “காலை 6.10. மகளின் மெத்தை நனைந்திருக்கிறது. இரண்டு ஆண்டு, ஏழு மாதங்களுக்குப் பிறகு முதல் முறை. இரவு தண்ணீர் அதிகம் குடித்திருப்பாள்.”

கடைசி வாக்கியம் ஊகம். நாட்குறிப்பில் ஊகம் எழுத நேர்ந்தால் அதன் அடியில் புள்ளிக்கோடு இடுவது என் வழக்கம், இட்டிருக்கிறேன். இரண்டு ஆண்டு ஏழு மாதம் என்பது ஊகமல்ல. மகள் இரவில் டயப்பரை விட்ட நாளையும் குறித்துவைத்திருந்தேன். “உலகத்துல இதையெல்லாம் எழுதி வைக்கிற ஒரே மனுஷன் நீங்கதான்” என்பாள் என் மனைவி. ஒரே மனுஷன் இல்லை. எதிர்வீட்டு மாமி இருந்தார்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. தனியாக இருந்தார். பள்ளி விட்டு வரும் நான்கு குழந்தைகளை, பெற்றோர் வந்து அழைத்துப்போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். நால்வரில் சிறியவள் என் மகள். அப்போது ஐந்து வயது. என் அலுவலகம் தேனாம்பேட்டையில், மனைவியுடையது பெருங்குடியில். மாமி இல்லாவிட்டால் எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட்டிருக்க வேண்டும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றுகிறது.

மாமியின் வீட்டில் தேதி இல்லாத பொருள் கிடையாது. மாவடு ஜாடியில் போட்ட தேதி. குழல்விளக்கின் ஓரத்தில் மாட்டிய தேதி. சோப்பு உறையைக் கத்தரித்துப் பிரித்த தேதியோடு குளியலறை அலமாரியில் ஒட்டியிருப்பார். சமையல் வாயு உருளையில் சுண்ணக்கட்டியால் திறந்த தேதி. ஒருமுறை சுவர்க் கடிகாரம் நின்றுபோய், என்னைக் கழற்றித் தரச் சொன்னார். பின்பக்கத்தில் பேட்டரி மாற்றிய தேதிகள் பதினொன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக. இவ்வளவு நாள் எதிர்வீட்டில் இருந்தும் இவரைத் தெரியாமல் போனதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

“சோப்புக்கெல்லாம் எதுக்கு மாமி தேதி?” என்று கேட்டேன்.

“எத்தனை நாள் வரதுன்னு தெரிய வேண்டாமா சார்? ஞாபகத்தை நம்பப்படாது. அது நமக்குச் சாதகமாத்தான் பேசும். எழுதினாத்தான் நடந்தது.”

அதை அவர் அடிக்கடி சொல்வார். பால்காரரிடமும் சொல்வார், குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலும் சொல்வார். நான் அந்த வாக்கியத்தைத் தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன்.

குழந்தைகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. லஸ் பக்கத்துக் கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எஃகு அளவுகோலை வைத்துக் கோடு கிழித்து, வந்த நேரம், பால், டிபன், தூக்கம், வீட்டுப்பாடம் என்று கட்டங்கள். கறுப்பு மையில் தலைப்பு, பச்சை மையில் விவரம். மற்றப் பெற்றோர் குழந்தையை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிடுவார்கள். நான் வாசலில் நின்று அன்றைய பக்கத்தை முழுதாகப் படிப்பேன், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வேன். மாமி கதவில் சாய்ந்து, நான் படித்து முடிக்கும்வரை காத்திருப்பார். அந்த இரண்டு நிமிடம் அவர் முகம் நன்றாக இருக்கும்.

ஜூன் கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று மெத்தை நனைந்தது. விடிந்ததும் விடியாததுமாக அதைச் சுருட்டி மொட்டைமாடிக்குத் தூக்கிப்போவேன். மேல்வீட்டுக்காரர் ஒருநாள் படியில் பார்த்துவிட்டார்.

“என்ன சார், மூட்டைப்பூச்சியா?”

“ஆமா சார், ரொம்பத் தொல்லை.”

பின்னாலேயே பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்த மகள், “அப்பா, நம்ம வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கா?” என்று கேட்டாள். எதையோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நாட்குறிப்பில் இல்லை.

மாமியிடம் நானே போய்ச் சொன்னேன். மகள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“குழந்தைகிட்ட காட்டிக்காதீங்க மாமி.”

“எனக்குச் சொல்லணுமா சார்? என் வாயிலேர்ந்து வராது.” உள்ளே போய் ஒரு பொட்டலம் விபூதி கொண்டுவந்தார். “படுக்கறச்சே நெத்தியில இட்டு விடுங்கோ. ஒண்ணுமில்லை, அம்மா ஏக்கம். அவ பெருங்குடிக்குப் போயிட்டு எட்டு மணிக்குன்னா வரா? வாயால சொல்லத் தெரியலை, இப்படிச் சொல்றது குழந்தை.”

நான் படித்த புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. புதிய வகுப்பு, பிரிவு, ஏக்கம். சனி ஞாயிறு இரவுகளில் பெரும்பாலும் மெத்தை உலர்ந்தே இருந்ததும் அதற்குப் பொருந்தியது. அம்மா வீட்டில் இருக்கும் நாட்கள். அன்றே மாமியிடம் இன்னொன்றும் கேட்டேன். நோட்டில் ‘பாத்ரூம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் மருத்துவரிடம் காட்ட உதவும் என்றேன். மறுநாள் கட்டம் வந்துவிட்டது. “4.00 – போனாள். 5.15 – போனாள்.” பச்சை மை, பிசிறில்லாத எழுத்து.

அடையாறில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். சிறுநீர், சர்க்கரை எல்லாம் சோதித்துச் சரியாக இருக்கிறது என்றார். பகலில் எத்தனை முறை போகிறாள், அடக்கிக்கொள்கிறாளா என்று கேட்டார். நான் கைப்பேசியை நீட்டினேன். அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“பரவால்லையே, இவ்ளோ சுத்தமா யாரும் எழுதி நான் பாத்ததில்ல. அப்ப பகல்ல பிரச்சினை இல்ல. வீட்டுல ஏதாவது மாற்றமா? சண்டை, கிண்டை?”

மகள் அந்த நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கியின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் மாமி சொன்னதைச் சொன்னேன். அவள் அப்போதுதான் குழுத்தலைவர் பொறுப்புக்குப் பேச்சு வந்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, “மாமி சொன்னாங்கன்னு சொல்லாதீங்க. நீங்க நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க” என்றாள். அடுத்த வாரம் அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அது அவளுக்கு மறுபடி வரவில்லை.

ஜூலை மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்ததால் நான் வந்தபோது ஆறே முக்கால். மாமி வீட்டிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு எங்கள் கதவைத் திறக்கும்போது அவள் சொன்னாள்:

“அப்பா, மாமி வீட்டுல பாத்ரூம் பூட்டியிருக்கு.”

“எப்போ?”

“எப்பவும்.”

கைப்பேசியில் அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். “நாலு மணிக்குப் போயிருக்கியே கண்ணு.”

“போகல.”

“இதோ எழுதியிருக்கே.”

“எழுதினா நான் போனேனா?”

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எதையும் சரிபார்க்காமல் விடக் கூடாது என்பது என் கொள்கை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். மாமி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

“பாத்ரூமுக்கா? பூட்டா? ஸ்டோர் ரூமைச் சொல்றாளோ என்னமோ. நீங்களே உள்ள வந்து பாருங்கோளேன் சார்.”

போய்ப் பார்த்தேன். குளியலறை திறந்திருந்தது. வாளியில் தண்ணீர், குவளை, மிதியடி, சோப்பு உறையில் தேதி. ஆறு ஐம்பதுக்குப் பார்த்ததை வைத்து நாலு மணிக்குச் சான்று கொடுத்தேன். மாமி குனிந்து மகளின் முகவாயைத் தொட்டு, “கனவு கண்டியாடி பட்டு?” என்றார். மகள் என் கையிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள்.

அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: “மகள் இன்று முதல் முறையாகப் பொய் சொன்னாள். காரணம் தெரியவில்லை.” ஊகம் என்று அடியில் புள்ளிக்கோடு இடவில்லை.

ஆகஸ்டில் மாமிக்குக் கண்புரை அறுவை நடந்தது. நங்கநல்லூரிலிருந்து அவருடைய தங்கை வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். பருத்த உடம்பு, சத்தமான சிரிப்பு. முதல் நாள் மாலை நோட்டைக் கேட்டேன்.

“நோட்டா? நான் குழந்தைகளைப் பாத்துக்கவா, நோட்டைப் பாத்துக்கவா? போங்கோ சார், சாப்ட்டா, விளையாடினா, நன்னா இருக்கா. போறுமோல்லியோ?”

ஒன்பது வேலை நாட்கள் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. “பதிவில் இடைவெளி, வருந்தத்தக்கது” என்று நான் நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன். மாமி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து முதல் பக்கம் எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டில் புத்தகங்களோடு என் நாட்குறிப்பையும் அடுக்கி வைப்போம். அன்று அதைத் தொடக் கூடாது. மாமி வீட்டில் அந்த நீள நோட்டுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு ரோஜாவும் வைத்திருந்தார். சுண்டல் வாங்கப் போனபோது பார்த்தேன். மறுநாள் விஜயதசமி. நாட்குறிப்பை எடுத்ததும் ஏதாவது புதிதாகத் தொடங்க வேண்டுமே என்று ஒரு வரைபடத் தாளை எடுத்து, ஜூனிலிருந்து நனைந்த இரவுகளுக்கு நீலக் கட்டம், உலர்ந்தவற்றுக்கு வெற்றுக் கட்டம் என்று நிரப்பினேன். வாரநாட்கள் நீலம், வாரக்கடைசி வெள்ளை. ஆகஸ்டில் மட்டும் ஓர் இடத்தில், முதல் இரண்டு நாட்களைத் தவிர, வெள்ளை தொடர்ந்து ஓடியது.

அந்த நாட்களில் மனைவி வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். அம்மா ஏக்கம் அங்கே பொருந்தவில்லை. வேறென்ன மாறியது என்று தேடினேன். நோட்டு வெறுமையாக இருந்த ஒன்பது நாட்கள் அவை.

அடுத்த நாள் காலை, எங்கள் வீட்டிலும் மாமி வீட்டிலும் பாத்திரம் துலக்கும் அம்மாவிடம், மாமி வீட்டு பாத்ரூம் பூட்டியிருக்குமா என்று கேட்டேன். அவர் குழாயை நிறுத்தாமலேயே சொன்னார்.

“இன்னா சார் நீ, தெரியாத மாரி கேக்குற? கொயந்தைங்க வந்தவுடனே பாத்ரூமுக்குப் பூட்டு போட்ருது அந்தம்மா. சாவி இடுப்புல கீது. சாயந்தரம் நீங்க வர்ற நேரத்துக்குத்தான் தொறக்கும். தண்ணியும் ஒரு டம்ளருக்கு மேல குடுக்காது. பெரிசுங்க எப்டியோ சமாளிச்சிக்கினு கீதுங்க. அந்த ரெண்டாங்கிளாஸ் புள்ள பால்கனில துளசித் தொட்டியாண்ட போயிட்டு வந்துர்றான். செடி பட்டுப்போச்சு, இந்தம்மா உரம் போடுது. உன் பாப்பாதான் காலைப் பின்னிக்கினு குந்திக்கினு கீது.”

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீதான் தெனம் வாசல்ல நின்னுக்கினு அந்த நோட்டைப் படிக்கிறியே. எனக்கு எய்தப் படிக்க வராது. எல்லாம் அதுல எய்தியிருக்கும்னு நெனச்சேன்.”

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அழைப்புமணி அடித்தேன். கதவைத் திறந்த மாமி, “என்ன சார், இத்தனை சீக்கிரம்?” என்றார். கூடத்தில் மூன்று குழந்தைகள் தாயம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் சோபாவில் ஒரு குதிகாலை அடியில் மடித்து வைத்து அதன்மேல் அழுந்த உட்கார்ந்து, சற்றே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவில் சின்னப் பித்தளைப் பூட்டு. மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. அன்றைய பக்கம். “4.00 – போனாள். 5.15 – போனாள்.” கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு ஆறு. மை காய்ந்திருந்தது.

முதலில் நோட்டைத்தான் பார்த்தேன், பிறகுதான் மகளை. இதையும் எழுதிவிட வேண்டும்.

“மாமி, பூட்டைத் திறங்க.”

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். மகள் என்னைத் தாண்டி ஓடினாள். கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

“காலம்பறவே எழுதி வெச்சுடுவேன் சார்” என்றார் மாமி. “எழுதி வெச்சா ஒழுங்கா நடக்கும்னு ஒரு இது.”

“நடக்கலையே மாமி.”

“மே மாசம் லீவுல எல்லாரும் பகல் பூரா இங்க இருந்தாளே, அப்போ இந்த பாத்ரூம்லதான் வழுக்கி விழுந்தேன். குழந்தைகள் தண்ணியைக் கொட்டிட்டுப் போயிட்டா. அன்னிக்கு ராத்திரி பூரா இதோ இந்தத் தரையிலதான் கிடந்தேன். பையன் அமெரிக்காவுல இருக்கான். எனக்கு இடுப்பு ஒடிஞ்சா யார் இருக்கா?”

“அந்த நோட்டுல, மே மாசத்துப் பக்கத்துல, நீங்க விழுந்ததை எழுதியிருக்கீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“எழுதினா நடந்ததுன்னு ஆயிடும் சார். அப்புறம் யார் குழந்தையை விடுவா?”

நான் குரலை உயர்த்தினேன். “பூட்டியிருக்குன்னு அவ சொன்னப்ப, கனவு கண்டியான்னு கேட்டீங்களே மாமி. அம்மா ஏக்கம்னு சொன்னீங்களே. என் பெண்டாட்டி அதை நம்பி வந்த பதவியை வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கா.”

அவர் நோட்டை மூடி, அளவுகோலை அதன் மேல் நேராக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அந்தக் கட்டத்தை நீங்கதானே போடச் சொன்னேள்? மத்தவாள்லாம் குழந்தை முகத்தைப் பாத்து அழைச்சுண்டு போவா. நீங்க ஒருத்தர்தான் நோட்டைப் பாத்தேள்.”

மகளின் பையை எடுத்துக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன்.

மகளை அன்றோடு அங்கே அனுப்புவதை நிறுத்தினோம். மருத்துவரிடம் மறுபடி போனபோது அவர் இம்முறை என் கைப்பேசியை வாங்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளிடம் கேட்டார். மணிக்கணக்காக அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டிருந்தது, அது மூத்திரப்பையை நெருக்கியிருக்கிறது என்றார். பகலில் நிறையத் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம், வயிற்றுக்கு மருந்து, நனைந்தால் ஒரு வார்த்தை திட்டக் கூடாது. “அது அவ வேணும்னு செய்யறதில்ல சார். திட்டியிருந்தா மன்னிப்புக் கேட்டுருங்க.” மார்கழி பிறக்கும்போது மெத்தை உலர்ந்துவிட்டது. அந்தத் தேதியும் என்னிடம் இருக்கிறது.

பொங்கல் முடிந்து மாமி வீட்டைக் காலிசெய்துகொண்டு தங்கையோடு போய்விட்டார். போகிற அன்று எங்கள் கதவின் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே அந்த நோட்டு. மேலே ஒரு துண்டுச் சீட்டில், பச்சை மையில், அன்றைய தேதி மட்டும். அவருக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லையா, அல்லது எழுதினால் நடந்ததாகிவிடும் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. எல்லாப் பக்கமும் பத்திரமாக இருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான ஆவணம் என் அலமாரியில் வேறு கிடையாது. அதில் அந்தக் கட்டம் ஒன்றுதான் பொய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பால், டிபன், தூக்கம் ஆகியவற்றையும் இப்போது என்னால் நம்ப முடியவில்லை.

மகளுக்கு எட்டு வயது ஆகிறது. பள்ளியில் நடப்பதையெல்லாம் அம்மாவிடம்தான் சொல்வாள். நான் கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்பாள். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று பழைய நாட்குறிப்புகளை வெயிலில் பரப்பியிருந்தேன். அவள் ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள்: “மகள் இன்று முதல் முறையாகப் பொய் சொன்னாள். காரணம் தெரியவில்லை.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

“முதல் முறையா இல்லப்பா. பூட்டியிருக்குன்னு மூணு தடவை சொன்னேன். மொதல்ல, நீங்க மெத்தையைத் தூக்கிட்டுப் படி ஏறிட்டு இருந்தீங்க. அப்புறம் ஒரு நாள், நீங்க நோட்டைப் போட்டோ எடுக்கும்போது. இது மூணாவது.”

அன்று முழுதும் ஜூன், ஜூலைப் பக்கங்களைத் தேடினேன். அவள் சொன்ன முதல் இரண்டும் இல்லை. எனக்கு நினைவும் இல்லை. எழுதியதை அடிக்காமல், பிழையை ஓரத்தில் திருத்துவது என் வழக்கம். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: “பொய் அல்ல. இதற்கு முன்பும் இருமுறை சொன்னதாக மகள் கூறுகிறாள். என் பதிவில் இல்லை. இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.”

அடியில் புள்ளிக்கோடு இடவில்லை.